ஏறிய கியரில் இறங்குவது

ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழிருந்து ஏறும்போது ஒன்று, இரண்டு என்று கூடிக்கொண்டே போகும் வளைவு எண்கள், இறங்கும்போது நாற்பதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வரும். போன தை மாதம் மலைமேல் உறவினர் வீட்டில் கல்யாணம். மறுநாள் காலையில் அந்தச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். நான் காரை ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் பெரியப்பா. பின்னிருக்கையில் அம்மா. பெரியப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சி–வால்பாறை வழித்தடத்தில் பல வருடங்கள் வண்டி ஓட்டியவர்.

இருபதாவது வளைவைத் தாண்டியிருப்போம். பெரியப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சை உள்ளே இழுத்தார்.

"கண்ணு, எடம் பாத்து ஓரமா நிறுத்து."

நிறுத்தி இறங்கியதும் எனக்கும் அந்த நெடி எட்டியது. பிசின் கருகுவது போன்ற காரமான நெடி. முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது. பாட்டில் தண்ணீரை எடுத்த என் கையைப் பெரியப்பா தடுத்தார். "ஊத்தாத. சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் கோணிக்கும். தானா ஆறட்டும்."

பிறகு கேட்டார். "பிரேக் மேலயே கால வெச்சிருந்தியா?"

"ஆமாங்க பெரியப்பா. ஆட்டோமேட்டிக் வண்டிங்க. கியர் தானா போட்டுக்குது."

"ஏறும்போது எந்த கியர்ல ஏறுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்றே ஒருநாளும் தோன்றியதில்லை.

"ஏறுன கியர் தெரியாம எப்படி எறங்குவ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மலைச்சாலை ஓட்டுநர்கள் புதிதாக வண்டி பிடிப்பவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் அது. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு.

பிரேக் ஆறும்வரை பாறை ஓரம் உட்கார்ந்திருந்தோம். தடுப்புச் சுவரின் மேல் ஒரு வரையாடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. புறப்படும்போது பெரியப்பா கியர் தண்டைக் காட்டினார். 'டி' என்ற எழுத்தின் பக்கத்தில் ஒரு சின்னத் தடம். மேலே கூட்டல் குறி, கீழே கழித்தல் குறி. "இது எதுக்குப் போட்டிருக்கான்?" என்று கேட்டார். ஆட்டோமேட்டிக் வண்டியை ஒருநாளும் ஓட்டியிராத அந்த மனிதர், மூன்று வருடமாக என் கை போகாத இடத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். வண்டி கிளம்பி வேகம் பிடித்ததும் தண்டை அந்தப் பக்கம் தள்ளினேன். திரையில் 'எம்' என்று எழுத்து மாறியது. கழித்தலை ஒரு தட்டு, இன்னொரு தட்டு. எண் இரண்டுக்கு வந்தது. என்ஜின் சத்தம் உயர்ந்தது. வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது போலிருந்தது.

"சத்தமா இருக்குதுங்களே?"

"இருக்கட்டும். வண்டி கத்துதுன்னு நெனைக்காத. அது உன்னத் தாங்குது."

மிச்ச வளைவுகளில் பிரேக்கைத் தேவையான இடத்தில் மட்டும் அழுத்தி, உடனே விட்டுக்கொண்டே வந்தோம். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ என்று சொல்லும் இடத்தில், ஆழியாறு அணை கீழே விரிந்தது. சக்கரத்திலிருந்து நெடி ஏதும் வரவில்லை.

ஏறும்போது எந்த கியர் என்ற அந்த ஒரு கேள்வி அன்று இரவு முழுக்க என்னோடு இருந்தது. அதற்கு விடை தேடிப் போனபோது, முதலில் கிடைத்தது இயற்பியல்.

மலை ஏறும்போது எரித்த எரிபொருளின் ஒரு பங்கு உயரமாக மாறி வண்டிக்குள் சேர்ந்திருக்கிறது. இறங்கும்போது அந்தக் கடனை மலை திருப்பிக் கேட்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து ஒன்றரை டன் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கல்யாண வீட்டு அண்டாவில் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் சாலையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யாராவது தாங்கியாக வேண்டும். பிரேக் மட்டுமே தாங்கினால், உள்ளங்கை அகலப் பட்டைகள் சிலவற்றின் மேல் அந்த வெப்பம் முழுவதும் இறங்குகிறது. பட்டை அளவு மீறிச் சூடானால் பிடிமானம் தளரும். சூடு பிரேக் எண்ணெய்க்கும் பரவும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதாகிவிட்டால் 140 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் கால் மட்டும் உள்ளே போகும், வண்டி நிற்காது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஊட்டி–மசினகுடி கல்லட்டிச் சாலையில் கீழ் கியரில் இறங்கச் சொல்லிப் பலகைகள் வைத்திருப்பது இதனால்தான்.

கீழ் கியர் என்ன செய்கிறது? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் என்ஜினின் காற்று வழி மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் மூடிய வாயிலின் வழியே காற்றை இழுக்கப் போராடுகின்றன. அந்தப் போராட்டமும் உராய்வும் சேர்ந்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. ஐந்தாவது கியரில் போவதைவிட, அதே வேகத்துக்கு இரண்டாவது கியரில் என்ஜின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். அந்தத் தடையும் பல் சக்கரங்களின் வழியே பெருகிச் சக்கரத்துக்கு வரும். இத்தனைக்கும் இன்றைய வண்டிகளில் அந்த நேரத்தில் எரிபொருள் தெளிப்பது நின்றுவிடுகிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய என்ஜின் நியூட்ரலில் அணையாமல் இருக்கப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். கியரில் இருந்தாலோ மலையே அதைச் சுற்றிவிடும். மிச்சம் என்று எண்ணிச் செய்யும் அந்தக் காரியத்தில் பெட்ரோலும் போகிறது, பிடியும் போகிறது.

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி ஏன் இதைத் தானாகச் செய்யவில்லை? என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். அந்தப் பெட்டிக்குத் தெரிந்தவை சில அளவுகள். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறார். ஏற்றத்தில் அழுத்தம் கூடும். பெட்டி பாரத்தை உணர்ந்து கீழ் கியருக்கு வரும். இறக்கத்தில் ஓட்டுநர் எதுவும் கேட்பதில்லை. ஆக்சிலரேட்டர் சும்மா இருக்கிறது, வேகமோ கூடுகிறது. பெட்டியின் கணக்கில் இதற்குப் பொருள், பாரம் இல்லை, வழி சுகமானது என்பது. ஆகவே எரிபொருளை மிச்சப்படுத்த மேல் கியருக்குப் போகிறது. பிடி மிகவும் தேவைப்படும் நேரத்தில் பிடியை விட்டுவிடுகிறது. சரிவை உணர்ந்து கீழ் கியரைப் பற்றிக்கொள்ளும் ஏற்பாடு சில வண்டிகளில் உண்டு. அதுகூடச் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் சரிவைத்தான் அறியும். வளைவுக்கு அப்பால் லாரி ஏறி வருவதை அறியாது. அடுத்த மூன்று வளைவுகள் இதைவிடச் செங்குத்து என்பதும் அதற்குத் தெரியாது.

கேட்காத இடத்தில் பாரம் இல்லை என்று எண்ணுவதுதான் அந்தப் பெட்டியின் பிழை. அதன் கணக்கில் சரிவும் ஓய்வும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

கியர் மாற்றும் வேலையைக் கையிலிருந்து முழுதாக வாங்கிக்கொண்ட ஹைட்ரா-மேட்டிக் பெட்டி, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் அது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1990 மாடல் போர்ஷே 911 காரில் டிப்ட்ரானிக் என்ற பெயரில் கூட்டலும் கழித்தலும் தண்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. கிளட்ச் பெடல் திரும்பி வரவில்லை. கியரைத் தேர்ந்தெடுக்கும் சொல் மட்டும் மனிதனிடம் திரும்பி வந்தது. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோவோடு ஏஎம்டி என்னும் ஆட்டோமேட்டிக் பெட்டி நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியபோதும், அந்தத் தண்டின் ஓரத்தில் கூட்டலும் கழித்தலும் இருந்தன. வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்த பொறியாளர்களே, முன்னால் பார்ப்பவனுக்கு ஒரு சொல் வேண்டும் என்பதை உணர்ந்து அதை வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லிலும் ஓர் ஒழுங்கு இருப்பதைப் பிறகு கவனித்தேன். 'எம்' என்று போட்டுவிட்டதால் இயந்திரம் ஒதுங்கிவிடுவதில்லை. அதிவேகத்தில் தவறிப்போய்க் கழித்தலைப் பலமுறை தட்டினால், என்ஜினைக் கெடுக்கும் கியரைப் போட அது மறுத்துவிடும். நாம் மறந்து வண்டியை நிறுத்தினால், தானே முதல் கியருக்கு வந்து காத்திருக்கும். நான் பார்ப்பதை அதனிடம் சொல்கிறேன். அதற்குத் தெரிந்ததைக் கொண்டு அது என்னைக் காக்கிறது. சமதளத்தில் மறுபடி 'டி'க்குத் தள்ளிவிட்டால், கோவை அவிநாசி சாலை நெரிசலில் என் இடது முழங்காலுக்கு அது தரும் ஓய்வுக்கு நான் இன்றும் நன்றியோடிருக்கிறேன். தானாக ஓடுவது நல்லது. தானாக ஓடுகிறது என்பதால் பார்ப்பதையே விட்டுவிடுவதுதான் ஆபத்து. கியர் மாற்றும் வேலையைக் கொடுத்துவிடலாம். வளைவைப் பார்த்தவன் என்ற பொறுப்பைக் கொடுக்க முடியாது. அது கண்ணோடு ஒட்டியிருக்கிறது.

இவ்வளவையும் புரிந்துகொண்ட பிறகுதான், அன்று பின்னிருக்கையில் அம்மா உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா பொள்ளாச்சி வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கோவையில். மாதம் பிறந்தால் என் வங்கிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் பணம் தானாகப் போய்விடும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை மருந்துக்கடைப் பையன் மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போன் செய்வேன். "எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கறேன், நீ ஒடம்பப் பாத்துக்கோ" என்பார். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா எதையும் கேட்கவில்லை. அதனால் பாரம் இல்லை என்று எண்ணினேன். அரை மணி நேரப் பேச்சு ஐந்து நிமிடமாயிற்று. மாதம் இரண்டு முறை போனது, பண்டிகைக்குப் போவதாக ஆயிற்று. அந்தப் பெட்டியைப் போலவே, யாரும் கேட்காத இறக்கத்தில் நான் மேல் கியருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குக் கண்ணில்லை. எனக்கு இருந்தது. தீபாவளிக்குப் போனபோது, அடிக்கருகிய பால் பாத்திரம் ஒன்று கழுவப்படாமல் மேடையின் பின்புறம் மறைந்திருந்ததைப் பார்த்தேன். ஒரே விஷயத்தை அவர் பத்து நிமிட இடைவெளியில் இரண்டாம் முறை சொன்னதைக் கேட்டேன். வாசல்படி இறங்கும்போது அவர் கை சுவரைத் தேடியதையும் பார்த்தேன். வளைவு எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வண்டி தானாக ஓடுகிறது என்று விட்டிருந்தேன். ஒரே வருடத்தில் இரண்டு முறை நள்ளிரவில் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். இரண்டு முறையும் நாற்பது கிலோமீட்டரைப் பறந்து கடந்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று மருத்துவர் சொன்னபோது, மகன் கடமையைச் செய்துவிட்டதாக நிம்மதியும் அடைந்தேன். அது பிரேக். பிரேக் இல்லாமல் யாரும் மலை இறங்க முடியாது. பிரேக்கை மட்டும் நம்பியும் இறங்க முடியாது. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒன்று கருகிக்கொண்டிருக்கிறது. என் வாழ்க்கையில் அது அம்மாவின் உடம்பு.

ஏறும்போது எந்த கியரில் ஏறினாய் என்று பெரியப்பா கேட்டாரே, அதற்கு விடை எனக்கு அப்போதுதான் கிடைத்தது. எனக்கு ஐந்து வயது இருக்கும்போது பள்ளியிலிருந்து வீடு வரை அம்மாவோடு நடந்துவருவேன். பெரியவர்கள் கால் மணியில் கடக்கும் தூரம். எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். எறும்பு வரிசையைக் கண்டால் நான் உட்கார்ந்துவிடுவேன். கேட்ட கதையையே மறுபடி கேட்பேன். இரண்டு கையிலும் பையோடு அம்மா நின்றுகொண்டிருப்பார். வீட்டில் அடுப்பு காத்திருக்கும், தண்ணீர்க் குழாய் காத்திருக்கும், மாடு காத்திருக்கும். ஆனாலும் அவர் தன் வேகத்துக்கு என்னை இழுத்ததில்லை. என் வேகத்துக்குத் தான் இறங்கி வந்தார். ஒரு பிள்ளையை ஏற்றிவிடும் கியர் அதுதான். மெதுவானது, பாரமானது, சத்தமும் சலிப்பும் நிறைந்தது. அம்மா பல வருடம் அதில்தான் ஏறினார். நான் உட்கார்ந்து வந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை சொல்வது வண்டிக்கு மட்டுமான விதி இல்லை. நம்மை ஏற்றிவிட்டவர்கள் செலவிட்ட பொறுமை எங்கும் போய்விடுவதில்லை. உயரமாக மாறி நமக்குள் இருக்கிறது. நம் படிப்பும் வேலையும் நிற்கும் தெம்பும் அந்த உயரம்தான். அவர்கள் இறங்கும் காலத்தில் அந்தக் கடன் திரும்பக் கேட்கப்படுகிறது. அதைப் பணத்தால் மட்டும் தீர்க்க முடியாது. நள்ளிரவு ஓட்டத்தாலும் தீர்க்க முடியாது. எந்த மெதுவில் நம்மை ஏற்றினார்களோ, அந்த மெதுவால்தான் தீர்க்க முடியும்.

அம்மா வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். அது அவருடைய வீடு. அதனால் நான் போகிறேன். புதன்கிழமை வேலை முடிந்ததும் பொள்ளாச்சிக்குக் கிளம்பி, இரவு அங்கே தங்கி, வியாழன் காலை திரும்புகிறேன். வங்கிப் பணமும் மருந்துக்கடைப் பையனும் ஞாயிற்றுக்கிழமை போனும் அப்படியே இருக்கின்றன. அவற்றை நிறுத்தவில்லை. அவற்றால் பார்க்க முடியாததைப் பார்க்க நான் போகிறேன். இரவு திண்ணையில் உட்கார்ந்து அம்மா ஒரு கதை சொல்வார். முன்பே கேட்ட கதை. நடுவில் ஒரு பெயர் மறந்துபோய்த் தேடுவார். எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடிக்கும். கொடுக்காமல் காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நேரம் அவருக்கே அந்தப் பெயர் கிடைத்துவிடும். அப்போது அந்த முகத்தில் வரும் வெளிச்சத்துக்காக எத்தனை புதன்கிழமை வேண்டுமானாலும் போகலாம்.

உங்கள் வண்டியில் கூட்டலும் கழித்தலும் இருந்தால், அடுத்த முறை மலை இறங்கும் முன், முதல் வளைவுக்கு முன்பே, கழித்தலைத் தட்டிக் கீழ் கியருக்கு வாருங்கள். சத்தம் வந்தால் வரட்டும். வீட்டுக்குப் போனதும் இன்னொன்றையும் பாருங்கள். சில காலமாக உங்களிடம் எதையுமே கேட்காத ஒருவர் உங்கள் வாழ்க்கையில் இருக்கிறாரா? அவர் ஓய்விலிருக்கிறாரா, சரிவிலிருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள். சரிவென்றால், அவர் உங்களை ஏற்றிவந்த கியரிலேயே அவரோடு இறங்குங்கள்.